மைசூருவில் கூட்டுப் படைப்பு: கஞ்சீபா வரைந்தவர் முதல் பத்தி உருட்டும் பெண்கள் வரை

ஒரு நிறுவனம் தான் விற்கும் பொருளைத் தன் கூரைக்குள்ளேயே முழுதும் முடித்துவிடாமல், அதை வாங்குவோர், பயன்படுத்துவோர், கையால் செய்வோர் ஆகியோரின் கற்பனையையும் தேர்வையும் சேர்த்துக்கொண்டு உருவாக்கும் முறையை மேலாண்மை நூல்கள் ‘கூட்டுப் படைப்பு’ என்கின்றன. கோயம்புத்தூரில் 1941இல் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய சி. கே. பிரகலாத், அங்கேயே பணியாற்றிய வெங்கட் ராமசாமியுடன் சேர்ந்து 2000இல் எழுதிய கட்டுரையும் 2004இல் வெளியிட்ட நூலும் இக்கருத்தைத் தொழிலுலகெங்கும் பரப்பின. டென்மார்க்கின் லெகோ நிறுவனம் இதை நடைமுறையில் காட்டிற்று. பொம்மைக்கட்டிகளைக் கொண்டு பொதுமக்கள் உருவாக்கும் மாதிரிகளுக்கு 10,000 பேரின் ஆதரவு கிடைத்தால் அவற்றை ஆய்வுக்கு எடுத்துக்கொள்வது, தேர்ந்தவற்றைத் தயாரித்து விற்பது, மாதிரியை உருவாக்கியவரின் பெயரை வெளியிட்டு விற்பனை வருவாயில் நூற்றுக்கு ஒரு பங்கு தருவது என்பது அதன் ஏற்பாடு.

இது புத்தாயிரத்தில் பிறந்த புதுமை என்று மேலாண்மைப் பாடநூல்கள் தரும் தோற்றம் முழு உண்மையன்று. சந்தன சோப்பு, பட்டுப்புடவை, ஊதுபத்தி, ஈட்டி மரத்தில் பதிக்கும் சித்திர வேலை என ஊர்ப்பெயரையே வணிகப்பெயராக்கிக்கொண்ட பல பொருள்களுக்குப் பிறப்பிடமான மைசூருவின் கடந்த இருநூறு ஆண்டுகளைப் பார்த்தால், முதல் உடையவர்களும் சாதாரணக் கைவினைஞர்களும் வீட்டுப் பெண்களும் சேர்ந்தே ஒரு பொருளை உருவாக்கிய முறை அங்கு வெவ்வேறு வடிவங்களில் இடைவிடாமல் இருந்து வந்திருப்பது தெரியும். அதோடு, பிரகலாதின் நூல் அதிகம் தொடாத இரண்டு கேள்விகளையும் அந்த வரலாறு எழுப்புகிறது: சேர்ந்து செய்த பொருளில் எதை எப்படிச் செய்வது என்று தீர்மானித்தவர் யார், செய்து முடித்த பின் யாருடைய பெயர் நின்றது?

இந்த வரலாற்றைத் தொடங்கத் தகுந்த இடம் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் அரண்மனை. திப்பு சுல்தான் வீழ்ந்த 1799இல் ஐந்து வயதுச் சிறுவனாக அரியணை ஏறிய இவரிடமிருந்து 1831இல் ஆங்கிலேயர் ஆட்சிப் பொறுப்பைப் பறித்துக்கொண்டார்கள். 1868இல் இறக்கும்வரை பட்டம் மட்டும் எஞ்சிய மன்னராகவே வாழ்ந்தார். ஆள நாடில்லாத அரசரின் பொழுதும் பணமும் கலைகளின் பக்கம் திரும்பின. தெய்வ வடிவங்களை ஓவியங்களோடு விவரிக்கும் ‘ஸ்ரீதத்துவநிதி’ என்னும் ஒன்பது பகுதிகள் கொண்ட பெருந்தொகுப்பு இவர் காலத்தில் உருவானது. அதன் இறுதிப் பகுதியான ‘கௌதுகநிதி’ விளையாட்டுகளைப் பற்றியது. சதுரங்கக் குதிரையைக் கட்டங்கள் அனைத்திலும் ஒருமுறை மட்டும் நடத்திக் காட்டும் புதிர்களை மன்னரே அமைத்தார். ‘கஞ்சீபா’ என்னும் வட்டச் சீட்டுகளிலும், மொகலாயர் ஆடிய 96 சீட்டுக் கட்டும் திருமாலின் பத்து அவதாரங்களை வைத்து ஆடும் 120 சீட்டுக் கட்டும் போதாவென்று, ‘சத்’ என்ற பெயரில் 360 சீட்டுகள் வரை நீளும் புதிய ஆட்டங்களை வகுத்தார்.

மன்னர் வகுத்தது விதி மட்டுமே. நாட்டின் பல ஊர்களில் கஞ்சீபா செய்த முறையைப் பார்த்தால், துணியையோ தாளையோ அடுக்கடுக்காகப் புளியங்கொட்டைப் பசையில் ஒட்டுவதும், சுண்ணப் பூச்சுப் பூசிக் கல்லால் தேய்த்து வழவழப்பாக்குவதும், வட்டமாக வெட்டி உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தப் பரப்பில் தெய்வத்தையும் வாகனத்தையும் மயிரிழைத் தூரிகையால் தீட்டுவதும், கடைசியில் அரக்குப் பூசுவதும் சித்திரக்காரக் குடும்பங்களின் வேலையாக இருந்தன. நூற்றுக்கணக்கான சீட்டுகளில் ஒவ்வொன்றையும் மற்றதிலிருந்து ஒரே பார்வையில் வேறுபடுத்திக் காட்ட வேண்டும். ஆட்டக்காரர் கையில் விசிறிபோல் விரித்துப் பிடிக்கும்போது ஓரம் மட்டும் தெரிந்தாலும் அடையாளம் புரிய வேண்டும். மன்னரின் விதியை ஆடக்கூடிய சீட்டாக மாற்றிய அந்த நுட்பம் ஓவியர்களுடையது. ஆயினும் கஞ்சீபாவை ஆராய்ந்தவர்கள் மைசூர் ஆட்டங்களை மன்னரின் பெயராலேயே குறிப்பிடுகிறார்கள். தீட்டிய கைகளின் பெயர்கள் அந்த ஆட்டங்களோடு சேர்ந்து வழங்குவதில்லை. மன்னர் காலத்திற்குப் பிறகு இத்தொழில் நலிந்ததற்கு அரண்மனை ஆதரவு குறைந்தது ஒரு காரணம். பெல்ஜியத்தின் டர்ன்ஹவுட் நகரத்து அச்சகங்களும் இங்கிலாந்தின் டி லா ரூ நிறுவனமும் இயந்திரத்தில் அச்சிட்டு அனுப்பிய மலிவான 52 சீட்டுக் கட்டு மற்றொரு காரணம். அந்த அச்சுச் சீட்டில் செய்பவருக்கும் இடமில்லை, ஆடுபவர் கேட்டுச் செய்வித்துக்கொள்ளவும் வழியில்லை.

1897இல் அரச குடும்பத் திருமணத்தின்போது பழைய மர அரண்மனை தீக்கிரையானது. அரசப் பிரதிநிதியாக இருந்த மகாராணி கெம்பநஞ்சம்மணி, சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்தின் வழியாகத் தமிழர்க்கும் அறிமுகமான கட்டடக் கலைஞர் ஹென்றி இர்வினிடம் புதிய அரண்மனைப் பொறுப்பை ஒப்படைத்தார்; 41 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவாகி 1912இல் அது முடிந்தது. அதன் கல்யாண மண்டபம் தொழில்வரலாற்று நோக்கில் தனிக் கவனம் பெற வேண்டியது. எண்கோண வடிவிலான அந்த மண்டபத்தின் இரும்புத் தூண்களையும் வண்ணக் கண்ணாடிக் கூரையையும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்த வால்ட்டர் மக்ஃபார்லேன் நிறுவனத்தின் சாரசன் வார்ப்பாலை செய்து அனுப்பியது. கூரையில் தோகை விரிக்கும் மயில்களின் வடிவமோ மைசூர் ஓவியர்கள் தந்தது என்று சொல்லப்படுகிறது. உள்ளூர்க் கலைஞரின் கோட்டைக் கடல்கடந்த ஆலை கண்ணாடியிலும் இரும்பிலும் வார்த்தது, கூட்டுப் படைப்பு என்ற சொல்லுக்கு எல்லா வகையிலும் பொருந்துகிறது. கிளாஸ்கோ நிறுவனத்தின் பெயர் வழிகாட்டி நூல்களிலெல்லாம் இடம்பெறுகிறது. மயிலை வரைந்தவர்கள் ‘மைசூர் ஓவியர்கள்’ என்ற தொகைப்பெயருக்குள் அடங்கிவிட்டார்கள். அதே மண்டபத்துச் சுவர்களில் 1934 முதல் 1945 வரை தசரா ஊர்வலத்தை நிழற்படங்களின் துணைகொண்டு எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய கே. கேசவய்யா, ஒய். நாகராஜு முதலியோரின் பெயர்கள் மட்டும் நிலைத்திருக்கின்றன. ஓவியத்தில் கையொப்பமிடும் வழக்கம் அதற்குள் வந்துவிட்டிருந்தது. தந்தம் பதித்த ஈட்டி மரக் கதவுகளைச் செய்த தச்சர்களுக்கு அந்த வழக்கம் எட்டவில்லை.

அரண்மனை எழும்பிக்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே, பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான வேல்ஸ் இளவரசர் 1906இல் மைசூர் வந்தபோது சாமராஜேந்திர தொழில்நுட்பக் கழகத்திற்கு அடிக்கல் நாட்டினார். தந்தையிடமிருந்து மகன் கற்ற தச்சையும் செதுக்கலையும் பள்ளிப் பாடமாக்கி, அரண்மனை வேலை முடிந்த பின்னும் கைவினைஞருக்குச் சந்தை கிடைக்கும்படி செய்வது இத்தகைய கழகங்களின் நோக்கம். 1880இல் பத்தாம் சாமராஜ உடையார் தொடங்கியதாகச் சொல்லப்படும் தசரா பொருட்காட்சி அதற்குத் துணை நின்றது. யானை ஊர்வலம் பார்க்க வந்த கூட்டம் அப்படியே பொருட்காட்சிக்குள் நுழைந்து புதிய கலப்பையையும் புதிய நெசவையும் பார்த்துச் சென்றதால், எது விலைபோகும் என்பதை ஊர்மக்களின் கண்களே சோதித்துச் சொல்லிவிட்டன. இன்று அது கேளிக்கை அரங்குகள் மிகுந்த இடமாகிவிட்டது என்ற குறை நியாயமானதே.

சர் மோக்ஷகுண்டம் விசுவேசுவரய்யாவின் யோசனையின் பேரில் 1911இல் கூட்டப்பட்ட மைசூர் பொருளாதார மாநாடு வேளாண்மை, கல்வி, தொழில்–வணிகம் என மூன்று குழுக்களாக இயங்கியது. அரசே முதலாளியாகும் காலம் அதன்பின் வந்தது. முதல் உலகப் போரினால் சந்தனக் கட்டை ஏற்றுமதி முடங்கியபோது, கட்டையை விற்பதை விட்டு எண்ணெயாக வடிப்பது என்று சமஸ்தானம் முடிவெடுத்ததும், 1916இல் தொடங்கிய முயற்சி சில ஆண்டுகளில் சந்தன சோப்பாகக் கடைக்கு வந்ததும் பலர் அறிந்த கதை. அது வேதியியலாரும் அதிகாரிகளும் சேர்ந்து சாதித்தது. சாதாரண மக்களின் கற்பனைக்கு அதில் வேலை இருக்கவில்லை என்பதால் இங்கு மேலும் விரிக்க வேண்டியதில்லை.

அந்தக் கற்பனை அப்போது வீட்டுக்குள் வேலை செய்துகொண்டிருந்தது. நவராத்திரியில் தமிழ்நாட்டார் கொலு வைப்பதுபோல மைசூர்ப் பகுதியினர் ‘பொம்பெ’ அடுக்குகிறார்கள். மரத்தில் செதுக்கிய அரசன் அரசி இணையான ‘பட்டத பொம்பெ’யை மணப்பெண்ணுக்குத் தாய்வீட்டார் தருவதும், அவள் ஆண்டுதோறும் அந்த இணைக்குப் புதுத்துணி உடுத்தி நடுவில் நிறுத்துவதும் வழக்கம். செதுக்கியவர் தருவது வடிவம்; உடையும் நகையும் அடுக்கும் கதையும் வீட்டாருடையவை. இதே மனப்பாங்கு அச்சுப் படங்களையும் விட்டுவைக்கவில்லை. மைசூர் அரண்மனைக்காகப் புராணக் காட்சிகளைத் தீட்டிக் கொடுத்த ரவி வர்மா, 1894இல் பம்பாயில் நிறுவிய கல்லச்சகம் தெய்வப் படங்களை ஆயிரக்கணக்கில் அச்சிட்டு வீடுதோறும் சேர்த்தது. பின்னர் அந்த அச்சகம் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர் கைக்கு மாறியது. தென்னிந்திய வீடுகளுக்கு வந்த இப்படங்களை அப்படியே மாட்டிவிடப் பெண்களுக்கு மனமில்லை. லட்சுமியின் புடவைப் பகுதியின் மேல் உண்மையான பட்டுத்துணியை மடிப்பு மடிப்பாக ஒட்டினார்கள். கரையில் சரிகை வைத்தார்கள். நகைகளின் மேல் சமிக்கியும் கண்ணாடி மணியும் பதித்து, அதன் பிறகே கண்ணாடிச் சட்டம் போட்டார்கள். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து பழம்பொருள் கடைகளுக்கு வந்துசேரும் இத்தகைய படங்களில் ஒரே அச்சிலிருந்து பிறந்த இரண்டு லட்சுமிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. அச்சகம் அழைக்கவுமில்லை, தடுக்கவுமில்லை. வாங்கியவர் தாமாகவே படைப்பில் பங்கெடுத்துக்கொண்டார். நிறுவனங்கள் இன்று போட்டி நடத்தியும் பரிசு அறிவித்தும் வரவழைக்கப் பார்க்கும் பங்களிப்பு அன்று கேட்காமலே கிடைத்தது.

இதற்கு நேர்மாறான திசையில் நடந்தது ஊதுபத்தித் தொழிலின் வரலாறு. மைசூரு இன்று நாட்டின் முதன்மையான பத்தி நகரங்களுள் ஒன்று. ஊரின் பெயரைத் தாங்கிய ‘மைசூர் அகர்பத்தி’ புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. பழைய முறையில் செய்யப்பட்ட மசாலா பத்தி என்பது சந்தனத்தூள், சாம்பிராணி, வேர்கள், பெருமரத்தில் வடியும் மட்டிப்பால் முதலியவற்றை அரைத்து, பிசைந்து, அந்த மாவையே குச்சியில் உருட்டுவது. மணம் மாவுக்குள்ளேயே இருக்கும்; எதை எவ்வளவு சேர்ப்பது என்ற கைப்பக்குவம் தொழிற்குடும்பங்களின் இரகசியச் சொத்தாகக் காக்கப்பட்டது. உருட்டுகிறவருக்கும் மணத்தைத் தீர்மானிக்கிறவருக்கும் இடையே அப்போது தூரம் அதிகமில்லை.

தமிழ்நாட்டிலிருந்து சென்று மைசூருவில் குடியேறிய என். ரங்கராவ் 1948இல் தொடங்கிய தொழிலின் முதல் நாட்களும் அப்படிப்பட்டவையே. மைசூர் புராடக்ட்ஸ் அண்டு ஜெனரல் டிரேடிங் கம்பெனி என்ற பெயர் பெரிதாக இருந்ததே தவிர, அது வீட்டுக்குள் குடும்பத்தார் கைகொடுக்க நடந்த சிறுதொழில். மணக்கலவைகளை அவர் தாமே சோதித்துக் கற்றுக்கொண்டார். எந்த மொழிக்காரரும் எழுத்தறியாதவரும்கூடப் படத்தைப் பார்த்துக் கேட்டு வாங்கட்டும் என்று சைக்கிளைச் சின்னமாக வைத்த அவருடைய முடிவு, வாங்குபவரை நன்கு அறிந்த ஒருவரின் முடிவு. அந்தச் சைக்கிள் பின்னர் உலகின் பல நாடுகளுக்குச் சென்றது.

தொழில் பெருகப் பெருக வேலை இரண்டாகப் பிரிந்தது. கரித்தூளும் ‘ஜிகட்’ என்னும் மரப்பட்டைப் பசைத்தூளும் கலந்த மணமில்லாத மாவைக் குச்சியில் உருட்டிக் கச்சா பத்தி செய்வது வீட்டுப் பெண்களின் வேலையாயிற்று; அதை வாங்கி நறுமண எண்ணெயில் தோய்த்து, உலர்த்தி, அட்டைப்பெட்டியில் அடைப்பது நிறுவனத்தின் வேலையாயிற்று. மட்டிப்பால் அரிதாகிக்கொண்டே வந்தது இப்பிரிவை மேலும் விரைவுபடுத்தியது. உருட்டும் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தால் அதிலுள்ள திறமை விளங்கும். தாழ்வான பலகையின் முன் அமர்ந்த பெண் ஒரு கையால் மூங்கில் குச்சியைப் பலகைமேல் வைத்து, மறு கையால் சுண்டைக்காய் அளவு மாவைக் கிள்ளி, குச்சியின் நுனியிலிருந்து உள்ளங்கையால் ஒரே இழுப்பில் உருட்டிக் கீழே கொண்டுவருகிறார்; பிடிப்பதற்கான அடிப்பகுதியில் மாவு ஏறாமல் சரியான இடத்தில் கை நின்றுவிடுகிறது; ஒட்டாதிருக்கத் தூளில் ஒரு புரட்டுப் புரட்டியதும் பத்தி முடிந்து அடுத்த குச்சி வந்துவிடுகிறது. மாவு கனத்தால் பத்தி பாதியில் அணையும், மெலிந்தால் விரைந்து எரிந்துபோகும். கண்ணால் அளக்காமல் கையாலேயே அளக்கும் இந்தப் பயிற்சிக்குக் கூலி ஆயிரம் பத்திக்கு இவ்வளவு என்ற கணக்கில்தான் வந்தது, வருகிறது.

இதைக் கூட்டுப் படைப்பு என்று சொல்ல முடியுமா? நிறுவன விளம்பரங்கள் கிராமப் பெண்களுடனான கூட்டு என்றும் பெண்களின் கைவண்ணம் என்றும் பெருமைப்படலாம். ஆனால் குச்சியின் நீளம், மாவின் கலவை, மணம், பெயர், உறை ஆகிய எதையும் உருட்டுபவர் தீர்மானிப்பதில்லை. அவரிடமிருந்து வாங்கிக்கொள்ளப்படுவது கை மட்டும்தான். கற்பனை அங்கு வேண்டப்படுவதில்லை. இத்தகைய வேலையை இயந்திரம் பறித்துக்கொள்வது எளிது என்பதையும் பின்வந்த ஆண்டுகள் காட்டின. வியட்நாமிலிருந்தும் சீனாவிலிருந்தும் கச்சா பத்தியும் தானியங்கி இயந்திரங்களும் வந்து குவிந்தன. 2019 ஆகஸ்டு இறுதியில் இந்திய அரசு பத்தி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. 2020இல் மூங்கில் குச்சியின் இறக்குமதி வரி 25 விழுக்காடாக உயர்ந்தது. இறக்குமதி குறைந்தது என்பது உண்மையே. ஆனால் உள்நாட்டில் அந்த இடத்தைப் பெரும்பாலும் நிரப்பியது இயந்திரம்தான், பலகையின் முன் அமர்ந்த பெண்ணல்லர். தொழிலின் பெருமையில் பங்குகொள்ள அவரை அழைத்தவர்கள், தொழிலின் அறிவில் பங்குகொள்ள அழைத்திருந்தால் இந்த நிலையில் சிறிதேனும் மாற்றம் இருந்திருக்கும்.

ஈட்டி மரச் சித்திரத் தொழிலின் கதை வேறு. மைசூரு மண்டி மொகல்லாவின் சந்துகளில் பரம்பரையாக நடந்துவரும் இத்தொழிலில், தாளில் வரைந்த காட்சியைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் அதற்கேற்ற நிறமுடைய மெல்லிய மரத் தகட்டில் ஒட்டி, நூல்போன்ற ரம்பத்தால் அறுக்கிறார்கள்; அதே வடிவத்தில் ஈட்டிப் பலகையில் பள்ளம் தோண்டித் துண்டுகளைப் பதித்துப் பசையிட்டு, இடைவெளிகளை ஈட்டித் தூளால் அடைத்து, தேய்த்து மெருகிடுகிறார்கள். முற்காலத்தில் பதித்தது பெரும்பாலும் தந்தம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1986இலும் 1991இலும் அதற்கு வந்த திருத்தங்களும் தந்த வணிகத்தை முற்றாக நிறுத்தியபோது, தொழில் முடிந்துபோயிருக்க வேண்டும். முடியவில்லை. வெள்ளைக்குத் தந்தமில்லையென்றால் வேறு என்ன என்று தேடிய கைவினைஞர்கள் செயற்கைத் தகடுகளை முயன்றார்கள். பலாவின் மஞ்சள், கருங்காலியின் கறுப்பு என்று மரங்களின் இயற்கை நிறங்களையே தூரிகை வண்ணம்போல் கையாளத் தலைப்பட்டார்கள். தந்தம் ஒரே நிறம். கறுத்த பலகையில் வெள்ளைப் பூவேலைதான் அதில் சிறந்தது. பல நிற மரங்கள் கைக்கு வந்ததும் ஏரிக்கரை, மாட்டு வண்டி, காட்டு யானைகள், தசரா ஊர்வலம் எனக் காட்சிகளே மாறின. மூலப்பொருள் பறிபோனதால் கலையின் பொருளே விரிந்தது என்ற இந்த விந்தைக்கு எந்த வடிவமைப்பு நிறுவனமும் உரிமை கோர முடியாது. 1964இல் உருவான கர்நாடக மாநிலக் கைவினை வளர்ச்சிக் கழகம் தன் காவேரி விற்பனை நிலையங்களின் வழியாகவும், தனியார் ஏற்றுமதியாளர்கள் தங்கள் வாடிக்கையாளர் வழியாகவும், எந்தக் காட்சி விலைபோகிறது என்ற செய்தியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தச் செய்தியை எப்படி மரத்தில் சொல்வது என்பதைப் பட்டறை தீர்மானித்தது. முடிவெடுக்கும் உரிமையில் ஒரு பகுதியேனும் செய்பவரிடம் இருந்த தொழில் அடிவிழுந்தும் எழுந்தது.

மைசூரு வரலாற்றில் நிறுவனமே அழிந்த பின்னும் மக்கள் பொருளைத் தொடர்ந்து படைத்துக்கொண்டிருந்த ஒரு வினோத நிகழ்வும் உண்டு. செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா நிறுவன உரிமத்துடன் 1960இல் அமைந்த ஐடியல் ஜாவா, மைசூரு யாதவகிரி ஆலையில் 1961 முதல் மோட்டார் சைக்கிள் செய்தது. பின்னர் எஸ்டி என்ற பெயரில் விற்றது. மிதித்துக் கிளப்பும் நெம்புகோலையே மடக்கிக் கியர் மாற்றும் அந்த வண்டி, ஒரே உருளை எஞ்சினுக்கு இரண்டு புகைக்குழாய் கொண்டது. பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டியது. ஜப்பானியக் கூட்டில் வந்த சிக்கன வண்டிகளோடு போட்டியிட முடியாமலும் வேறு சிக்கல்களாலும் 1996இல் ஆலை மூடப்பட்டது. உதிரிப் பாகம் செய்வதற்கு ஆளில்லாத வண்டி சாலையிலிருந்து மறைந்துவிடுவதே இயல்பு. ஆனால் மைசூருவிலும் பெங்களூருவிலும் தமிழ்நாட்டு நகரங்களிலும் இருந்த மெக்கானிக்குகள் லேத் பட்டறைகளில் பாகங்களைக் கடைந்தும், வேறு வண்டிப் பாகத்தை இதற்குப் பொருத்தியும் ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். உரிமையாளர் சங்கங்கள் ஆண்டுதோறும் ஜூலை இரண்டாம் ஞாயிறு கூடி ஊர்வலம் வந்தன. 2018இல் கிளாசிக் லெஜண்ட்ஸ் என்ற புதிய நிறுவனம் ஜாவாவைத் திரும்பக் கொண்டுவந்தபோது, தேவையே இல்லாத நிலையிலும் ஒற்றை உருளை எஞ்சினுக்கு இரண்டு புகைக்குழாய்களையே வைத்தது. அந்த முடிவை எடுக்கச் செய்தது ரசிகர்கள் இருபதாண்டுகளுக்கு மேல் காத்துவைத்த நினைவு. அதற்கு யாருக்கும் பங்குத்தொகை கிடைக்கவில்லை. வண்டி செய்யப்படுவதும் மைசூருவில் அன்று, மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில்.

முறையான அழைப்போடும் அறிவோடும் நடக்கும் கூட்டுப் படைப்புக்கு இன்றைய மைசூருவிலிருந்து காட்டத்தக்க சான்று ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானம். கைவினைப் பொருள் விற்கும் வணிக நிறுவனத்தின் சார்பில் அமைந்த இந்த அறக்கட்டளை, 2005 முதல் நவராத்திரிக்கு ‘பொம்பெ மனை’ என்ற கொலுப் பொம்மைக் காட்சியையும், 2007 முதல் ‘கிரீடா கௌசல்யா’ என்ற மரபு விளையாட்டுக் காட்சியையும் நடத்திவருகிறது. நம்மூர்ப் பல்லாங்குழியான ‘அளிகுளி மனை’, தாயத்தின் உறவான ‘சௌகா பாரா’, ஆடுபுலி ஆட்டம், பரமபதம் ஆகியவற்றின் விதிகள் பெரும்பாலும் ஏட்டில் இல்லை. பாட்டிமாரின் நினைவிலும் கோயில் மண்டபத் தரைகளில் கீறிய கட்டங்களிலும் இருந்தன, ஊருக்கு ஊர் மாறின. அந்த விதிகளைத் திரட்டி, சென்னப்பட்டணத்தின் அரக்கு மரவேலை, காளஹஸ்தியின் கலங்காரி எனப் பல ஊர்க் கைவினைஞர்களிடம் ஆட்டப் பலகையாகச் செய்யச் சொல்வது இதன் வழி. பொம்மை செய்பவர் இதுவரை செய்திராத தாயக்கட்டையைச் செய்கிறார். சீலையில் இராமாயணம் தீட்டியவர் பரமபதத்தின் பாம்புகளைத் தீட்டுகிறார். சென்னையில் 2002இல் தொடங்கிய கிரீடா நிறுவனமும் இதையொத்த பணியைச் செய்துவருகிறது. மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் முறையிலிருந்து இது வேறுபடும் இடம், விதியைத் தருபவர்கள் சாதாரண மக்கள் என்பதே. காட்சியில் வைக்கும் விலையுயர்ந்த பலகைகள் சாதாரண மக்களின் கைக்கு எட்டுவதில்லை என்ற விமர்சனமும் தள்ளத்தக்கதன்று.

பெயர் யாருக்கு என்ற கேள்விக்குச் சட்டம் ஒரு விடை வைத்திருக்கிறது. 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டம், ஓர் ஊரோடு பிணைந்த பொருளின் பெயரை அவ்வூர்க்காரர் அல்லாதார் பயன்படுத்தாமல் காக்கிறது. மைசூர் பட்டு, மைசூர் சந்தன சோப்பு, மைசூர் அகர்பத்தி, மைசூர் ஈட்டி மரச் சித்திரம், மைசூர் கஞ்சீபா, மைசூர் மரபு ஓவியம் என இவ்வூரின் பெயரில் பதிவானவை பல. பட்டுக்குக் கர்நாடகப் பட்டுத் தொழில் கழகமும், சோப்புக்கு மாநில சோப்பு நிறுவனமும், ஈட்டி மரச் சித்திரத்திற்கும் கஞ்சீபாவுக்கும் கைவினை வளர்ச்சிக் கழகமும், பத்திக்கு உற்பத்தியாளர் சங்கமும் பதிவுக்கு முன்வந்தன. இவற்றில் அரசு நிறுவனமும் முதலாளிகளின் சங்கமும் இருக்கின்றன. அறுப்பவரின் அமைப்பும் உருட்டுபவரின் அமைப்பும் இல்லை. ஆனால் அதே சட்டம், குறியீட்டின் பதிவு உரிமையாளரைத் தவிர, அப்பொருளை உண்மையில் செய்பவர் ஒவ்வொருவரும் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ என்ற பெயரில் தனியே பதிவு செய்துகொள்ள இடம் தருகிறது. பதிவேட்டில் அதற்கென்றே ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. கைவினைக் கழகமும் உற்பத்தியாளர் சங்கமும் மண்டி மொகல்லாவின் பட்டறைக்காரர்களையும் பத்தி உருட்டும் பெண்களையும் அப்பகுதியில் பெயர் பெயராகப் பதிவு செய்ய முன்வர வேண்டும். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. விண்ணப்பப் படிவம் ஏற்கெனவே இருக்கிறது.